கோவக்காரி பாவாயியும் வெங்காயப் பட்டறையும்

தாரணி, காலை நீட்டு. போர்வையை இப்படிச் சுருட்டிக்கிட்டா சித்திக்கு என்ன மிச்சம்? ஆங், அப்படி. இன்னைக்கு ராசா கதை கெடையாது, ராணி கதையும் கெடையாது. சாயங்காலம் சந்தையில ஒருத்தன்கிட்ட வாய்ச்சண்டை போட்டுட்டு வந்திருக்கேன், நெஞ்சு இன்னும் தணியலை. அதனால கோவக்காரி கதைதான். நீ ‘ம்’ கொட்டிக்கிட்டே வரணும். நிறுத்தினா நானும் நிறுத்திருவேன். அப்புறம் கதைக்குள்ள இருக்கிற எருமை நடுரோட்டுல நிக்கும், அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்.

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரி இருந்தா. பேரு பாவாயி. கோவம்னா சும்மா கோவம் இல்ல, அடுப்புல பாலு பொங்குற மாதிரி திடுதிப்புன்னு வரும். கதவைச் சாத்தினா படார். சொம்பை வெச்சா டங். நடந்தா தொம் தொம் தொம். அவ வீட்டுக்காரரு நல்லதம்பி, பேருக்கேத்த மனுசன், எறும்பை மிதிச்சாக்கூட நின்னு பாத்துட்டுப் போவாரு. ரெண்டு பேருக்கும் இருந்தது ஒரு துண்டு வெள்ளாமைக் காடு, ஒரு எருமை. எருமை அமாவாசை அன்னைக்குப் பொறந்துச்சு, அதனால அம்மாசின்னு பேரு.

ஊர்ல எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுற பாவாயிக்கு அம்மாசிகிட்ட போனா மட்டும் குரல் எறங்கிரும். "ஆயி, தண்ணி குடிச்சியாடி? எங்க, இந்தப் பக்கம் திரும்பு"ன்னு கொஞ்சுவா. அம்மாசியும் அவ குரல் கேட்டாத்தான் பாலைச் சொரக்கும். வேற யாரு மடியில கை வெச்சாலும் உதைதான், சடார்! நல்லதம்பிக்கு முன்பல்லு ஒண்ணு இல்லாம போனது அப்படித்தான். சிரிக்காதே, அந்த மனுசனுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்.

அப்புறம், அந்த ஊர்ல எல்லாரும் போடுறது சின்ன வெங்காயம். வெட்டியெடுத்த உடனே விக்க மாட்டாங்க. பட்டறை போடுவாங்க. பட்டறைன்னா என்னன்னா, கீழே கல்லை அடுக்கி, அதுமேல மூங்கிலைப் பரப்பி, சுத்திலும் தட்டியால படல் கட்டி, வெங்காயத்தைத் தாளோட உள்ள கொட்டி, மேல தென்னங்கீத்து வேய்ஞ்சிருவாங்க. வெங்காயத்துக்கு ஒரு வீடுன்னு வெச்சுக்கோயேன். காத்து உள்ள வரும் போகும், மழை மட்டும் வராது. ரெண்டு மூணு மாசம் சமத்தா கெடக்கும். அதுக்கு மேல வெச்சா முளை விட்டுரும், இல்ல அழுகிரும்.

இப்பதான் எனக்குக் கோவம் வர்ற எடம் வருது, கேளு. அந்தப் பட்டறையை எப்பப் பிரிக்கிறதுன்னு அந்த ஊர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. ஊர் ஆத்தா கோயில்ல படையல் போடணும். படையல் முடிஞ்ச மறுநாள் டண்டணக்கு டண்டணக்குன்னு மோளம் அடிப்பாங்க. அன்னைக்குத்தான் எல்லாரும் பிரிக்கணும். ஒருத்தரும் முன்னாடி பிரிக்கக் கூடாது, ஒருத்தரும் பின்னாடி பிரிக்கிறதும் இல்ல. ஏன்னு கேட்டா, ஆத்தா உத்தரவுன்னு சொல்லுவாங்க. ஆத்தா எங்க உத்தரவு போட்டா? அவளா வந்து வண்டி பூட்டப் போறா? எந்தக் காலத்துலயோ எவனோ ஒருத்தன் சொல்லி வெச்சதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினாங்க.

அந்தத் தேதி பூசாரிக்குத் தெரியுமோ இல்லையோ, டவுன்ல மண்டி வெச்சிருக்கிற வியாபாரிக்கு நல்லாத் தெரியும். அந்த மண்டிக்காரன் எப்பவும் வாயில ஏலக்காய் மென்னுக்கிட்டே இருப்பான், அதனால அவனை ஏலக்கா வாயன்னு கூப்புடுவாங்க. அவனுக்கு நேரா இல்ல, முதுகுக்குப் பின்னால.

ஒரு வருசம் அப்படித்தான், டண்டணக்குன்னு மோளம் அடிச்சாச்சு. சரக் சரக்குன்னு கீத்தைப் பிரிச்சாங்க, கலகலன்னு வெங்காயத்தைக் கொட்டி மூட்டை கட்டினாங்க, கடகட கடகடன்னு வண்டி கெளம்புச்சு. ஒரு வண்டியா ரெண்டு வண்டியா? முத வண்டி மண்டி வாசல்ல நிக்குது, கடைசி வண்டி இன்னும் ஊர் எல்லையைத் தாண்டலை. மண்டிக்குள்ள வெங்காயம் மலை மாதிரி குமிஞ்சு கெடக்கு. ஏலக்கா வாயன் வந்தான். குனிஞ்சு கையால தொட்டுப் பாத்தானா? இல்ல. கால் கட்டைவெரலால ஒரு நெம்பு நெம்பினான். ஒரு விலை சொன்னான் பாரு, கேட்டவங்க எல்லாரும் அப்படியே வண்டி நுகத்தடியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. அந்த விலைக்கு வித்தா வெங்காயம் வெட்டின கூலிக்கே காணாது.

"வேணும்னா கொட்டு. வேணாம்னா வண்டியைத் திருப்பு, பின்னாடி ஆளு நிக்குது"ன்னான்.

பாவாயிக்கு ஏறுச்சு பாரு! "ஏன்யா, நாலு மாசம் முதுகு ஒடியக் களை எடுத்திருக்கேன். நீ கால் வெரல்ல விலை போடுறியா? உன் வயித்துல சோறுதான் போகுதா?"ன்னு கத்தினா.

அவன் கோவிச்சுக்கலை. ஏலக்காயை இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினான். "தாயி, விலையை நானா வீட்ல சமைச்சு எடுத்துட்டு வர்றேன்? வாசலைப் பாரு. நீங்க எல்லாரும் சேந்து வண்டியில ஏத்திட்டு வந்த விலைதான் இது. டவுன்ல இருக்கிறவங்க வெங்காயம் மலிவா இருக்குன்னு சாம்பார்ல கூட ரெண்டு கை அள்ளிப் போட்டுக் குடிப்பாங்களா? அவங்க வயிறு அதே வயிறுதான். மிச்சத்தை நான் எங்க கொண்டு போய்க் கொட்டுறது?"

 பாவாயிக்கு இன்னும் கோவம் ஏறிப்போச்சு. அப்போ அங்க வெங்காயச் சருகு கூட்டுற ஒரு அம்மா மெதுவா வந்து, "நீ போன வாரம் வந்திருக்கணும் கண்ணு. மண்டியில ஒரு பிடி வெங்காயம் கெடையாது. இவன் ரோட்டுக்கே வந்து நின்னான். ஒருத்தி தலையில ஒரு கூடை வெச்சுக்கிட்டு வந்தா, இவனே ஓடிப்போய் எறக்கி வெச்சான்"னு சொல்லுச்சு.

போன வாரம் கூடை எறக்கினவன் இந்த வாரம் காலால நெம்புறான். பாவாயி வழி முழுக்க அதையேதான் முணுமுணுத்துக்கிட்டு வந்தா.

வீட்டுக்கு வந்ததும் நல்லதம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "புள்ள, அடுத்த வெள்ளாமைக்கு விதை வெங்காயம் வாங்கணும், ஆளு கூலி குடுக்கணும். இன்னொரு வருசம் இப்படிப் போச்சுன்னா அம்மாசியைச் சந்தைக்கு ஓட்டுறதைத் தவிர வேற வழி இல்ல"ன்னாரு.

"அம்மாசி கயித்துல கை வெச்சீங்க, நடக்கிறதே வேற!"ன்னா பாவாயி. சொம்பை வெச்சா. டங்!

ம் சொல்லு. ஆங்.

மறு வருசம் வந்துச்சு. பட்டறை போட்டாச்சு. படையலுக்கு இன்னும் நாள் கெடக்கு. பாவாயி விடியக்காலையில எந்திரிச்சா, சரக் சரக்குன்னு தன் பட்டறையைப் பிரிச்சா. நல்லதம்பி, "ஏ புள்ள, ஆத்தா கோவிச்சுக்குவா"ன்னு நடுங்குறாரு. "ஆத்தாளும் கோவக்காரி, நானும் கோவக்காரி, நாங்க பேசிக்கிறோம், நீங்க போய் வாடகை வண்டியைப் பூட்டிட்டு வாங்க"ன்னுட்டா.

அப்போ மண்டியில என்ன நடந்துச்சு தெரியுமா? ஏலக்கா வாயன் ஓடி வந்தான். பெஞ்சியைத் துடைச்சு உக்கார வெச்சான். கலர் சோடா உடைச்சுக் குடுத்தான், புஸ்ஸ்ஸ்! வெங்காயத்தை ரெண்டு கையால அள்ளி மோந்து பாத்து, "என்னா நெறம், என்னா கெட்டி"ன்னான். அதே காடு, அதே வெங்காயம், அதே பாவாயி. நல்ல விலை குடுத்தான். அம்மாசிக்குப் புண்ணாக்கு, தவிடு, கழுத்துக்கு ஒரு வெண்கல மணி எல்லாம் வாங்கிக்கிட்டு வந்தா பாவாயி. டிங் டிங் டிங்!

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? கூட்டம் போட்டாங்க. பெரிய வீட்டு சடையப்பன்தான் ஊர்ல முதல் ஆளு, முதல் மரியாதை அவருக்குத்தான். அவரு மீசையைத் தடவிக்கிட்டு, "படையலுக்கு முன்னாடி பிரிச்சிருக்கா. ஊருக்கு ஆகுமா இது? கோயிலுக்கு எண்ணெயும் தேங்காயும் வாங்கி வெக்கணும்"னு தீர்ப்புச் சொன்னாரு. பாவாயி வாங்கி வெச்சா. ஆனா ஒண்ணு கவனிச்சா. சடையப்பன் வாய்தான் அவளைத் திட்டுது. கண்ணு பூராவும் அம்மாசி கழுத்து மணி மேலேயே இருக்கு. அவரு மட்டும் இல்ல, கூட்டத்துல உக்காந்திருந்த அத்தனை பேரு கண்ணும்தான்.

மூணாவது வருசம். படையலுக்கு முன்னால, அதே மாதிரி விடியக்காலை. பாவாயி வண்டியில ஏறினா. ஊர் எல்லை தாண்டினா முன்னாடி ஒரு வண்டி போகுது. அவ பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா! பல்லைக் கடிச்சுக்கிட்டு, "என்னடி குஞ்சம்மா, இந்நேரத்துல எங்க?"ன்னு கேட்டா.

"எங்க அண்ணன் வீட்டுக்குக்கா."

"வண்டியில என்ன?"

"வைக்கோல்."

"வைக்கோல் வாசம் கண்ணைக் கரிக்குதேடி!"

குஞ்சம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அப்போ பின்னாடி கடகட கடகடன்னு சத்தம். திரும்பிப் பாத்தா, சடையப்பன் வண்டி. துண்டால முக்காடு போட்டிருக்காரு, மீசை மட்டும் வெளியில தெரியுது. அவருக்குப் பின்னாடி இன்னொரு வண்டி. அதுக்குப் பின்னாடி பூசாரி வண்டி! சிரிக்கிறியா? நல்லாச் சிரி. ஊர்ல ஒவ்வொருத்தனும் நான் ஒருத்தன்தான் கெட்டிக்காரன்னு நெனைச்சுக்கிட்டு, பெண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லாம கெளம்பியிருக்கான். ஊரே ஒண்ணா சேந்து திருட்டுத்தனம் பண்ணினா அதுக்குப் பேரு திருவிழாதானே? மண்டியில மறுபடியும் வெங்காய மலை. ஏலக்கா வாயன் மறுபடியும் கட்டைவெரலை நீட்டினான்.

பாவாயி அன்னைக்கு அவனைத் திட்டலை. ஊர்க்காரங்களைத் திட்டினா. மண்டி வாசல்ல நின்னுக்கிட்டு ஒருத்தர் விடாம, பேரு சொல்லித் திட்டினா. திட்டி என்ன பண்றது? விலை எந்திரிச்சு நிக்குமா?

"இன்னும் ஒரே வருசம். அம்மாசியைத் தொடாதீங்க"ன்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டா. அவ கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நல்லதம்பி தன் கடுக்கனைக் கழட்டி வித்து விதை வாங்கிட்டு வந்தாரு.

கண்ணு சொக்குதா? இரு, இன்னும் எருமைக்கு வழி பொறக்கலை.

நாலாவது வருசம் எல்லாருக்கும் புத்தி வந்துச்சு. என்ன புத்தி? யாரும் பிரிக்கக் கூடாது, மத்தவன் பிரிச்சு வித்து முடிக்கட்டும், அப்புறம் நான் மட்டும் ராசாவாட்டம் போய் விக்கிறேன்னு. இதுதான் புத்தி! படையலும் முடிஞ்சுது, மோளமும் அடிச்சாச்சு, ஒரு பட்டறையும் பிரியலை. எல்லாரும் வாசல்ல உக்காந்து அடுத்த வீட்டுப் பட்டறையவே பாத்துக்கிட்டு இருக்காங்க. மண்டியில வெங்காயம் இல்ல. விலை ஏறுது. டவுனுக்குப் போய்ட்டு வந்தவன், "நேத்தைக்கு விட இன்னைக்குக் கூட"ங்கிறான். மறுநாள் "அதுக்கு மேல கூட"ங்கிறான். ஊரே நாக்கைச் சப்புக் கொட்டுது, "நாளைக்கு இன்னும் ஏறும், நாளைக்கு இன்னும் ஏறும்." பாவாயியும்தான்! அவளை மட்டும் நல்லவளாக்கிச் சொல்ல மாட்டேன் நான். அவளும்தான் கீத்தைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அம்மாசிக்கு ஒரு கூட்டாளி எருமை வாங்கணும்னு வேற நெனைச்சா.

அப்புறம் மழை பிடிச்சுச்சு. சோ...ன்னு ஊத்துது. பட்டறைக்குள்ள இருந்து கும்முனு ஒரு நாத்தம். கீத்தைத் தூக்கிப் பாத்தா வெங்காயத்துல பச்சைப் பச்சையா முளை. அப்போ குஞ்சம்மா வீட்டுப் பக்கம் ஒரு சத்தம். சரக்! அவ்வளவுதான். ஒரு சரக். குஞ்சம்மா பிரிக்கிறாடோய்! ஊரே விழுந்தடிச்சு எந்திரிச்சு சரக் சரக் சரக் சரக்குன்னு பிரிச்சு, அள்ளி, ஏத்தி, மழையில மாட்டை அடிச்சு ஓட்டிக்கிட்டு ஓடுச்சு. மண்டிக்குப் போனா அழுகினதும் முளைச்சதும் ஈரமுமா ஒரு மலை. ஏலக்கா வாயன் இந்தத் தடவை கட்டைவெரலைக்கூட நீட்டலை. மூக்கைப் பொத்திக்கிட்டு எட்ட நின்னே விலை சொன்னான்.

அந்த வாரச் சந்தைக்கு அந்த ஊர் மாடு, எருமை பாதிக்கு மேல போச்சு. எல்லா வீட்லயும் அதே நெலமைதானே.

அம்மாசியையும் அவுத்தாங்க. தாரணி, இந்த எடத்துல சித்திக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு, இரு. நல்லதம்பி கயித்தைப் பிடிச்சு இழுக்குறாரு, அம்மாசி நகர மாட்டேங்குது. காலை ஊனிக்கிட்டு நிக்குது. தள்ளினா உதைக்குது, சடார். அந்த மனுசன் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு பாவாயியைப் பாத்தாரு. வேற வழி இல்ல. அவ குரல் சொன்னாத்தான் அது நகரும். பாவாயி வாசல்ல வந்து நின்னா. தொண்டையைச் செருமினா.

"போ ஆயி. அப்பா கூடப் போ"ன்னா.

அவ சொன்ன உடனே அது நடந்துச்சு. டிங், டிங், டிங்குன்னு தெருக்கோடி வரைக்கும் மணிச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கலை.

அப்போ வந்துச்சு பாரு பாவாயிக்குக் கோவம்! அதுவரைக்கும் வந்ததெல்லாம் கோவமே இல்ல. அவ மண்வெட்டியை எடுத்தா. தொம் தொம் தொம்முன்னு நடந்தா. சந்தைப் பக்கம் போகலை, மண்டிப் பக்கம் போகலை. நேரா ஏரி வாய்க்காலுக்குப் போனா.

அந்த ஏரித் தண்ணியை ஊர்ல முறை வெச்சுப் பாய்ச்சுவாங்க. இன்னைக்கு உன் காடு, நாளைக்கு என் காடு. ஒரு மடை தொறந்திருந்தா மத்த மடை எல்லாம் மண்ணு போட்டு அடைச்சிருக்கும். முறை தப்பி எவனாவது ஒரு சொம்பு திருப்பினாக்கூட வெட்டுக்குத்துதான். அன்னைக்கு சடையப்பன் முறை. ஜம்முனு அவரு காட்டுக்குத் தண்ணி போய்க்கிட்டு இருக்கு.

பாவாயி முதல் மடையை வெட்டினா. தொபக்! ரெண்டாவது மடையை வெட்டினா. தொபக்! வாய்க்கால் ஓரமாவே நடந்து, இருக்கிற மடை அத்தனையும் வெட்டித் தொறந்து விட்டுட்டா. தண்ணி அங்க ஓடி, இங்க ஓடி, சளசளன்னு பரவி, ஒவ்வொரு காட்டு வாசல்லயும் ஒரு முழம் நனைச்சுட்டு அப்படியே சுண்டிப் போச்சு. சடையப்பன் காட்டுக்கும் இல்ல, குஞ்சம்மா காட்டுக்கும் இல்ல, யாருக்கும் இல்ல.

ஊரே கம்பை எடுத்துக்கிட்டு ஓடி வந்துச்சு. சடையப்பன் மீசை துடிக்குது. "ஏய் பாவாயி, உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? எல்லா மடையையும் ஒண்ணாத் தொறந்தா எவனுக்குடி தண்ணி எட்டும்?"னு கத்தினாரு.

"இதை நீதான் சொல்றியா மாமா?"ன்னு கேட்டா பாவாயி. மண்வெட்டியை அவரு காலடியில எறிஞ்சா. "இது தெரியுதில்ல உங்களுக்கு? தண்ணிக்கு முறை வெக்கத் தெரியுது. முறை தப்பினா மண்டையை உடைக்கத் தெரியுது. வெங்காயம்னா மட்டும் மொத்தமாத் தொறந்து விட்டுட்டு, விலை எட்டலை, விலை எட்டலைன்னு எவன் வாசல்ல போய் ஒப்பாரி வெக்கிறீங்க? ஒண்ணாத் தொறக்கிறீங்க, இல்ல ஒண்ணா மூடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க! என் அம்மாசி போய்ட்டா. உங்க வீட்டுத் தொழுவத்தைப் போய்ப் பாருங்க, உங்களுதும் போயிருக்கும்!"

 கம்பு வெச்சிருந்தவங்க கம்பைக் கீழே போட்டாங்க. குஞ்சம்மாதான் முதல்ல மண்வெட்டியை எடுத்து ஒரு மடையை அடைச்சா. அப்புறம் ஒவ்வொருத்தரா எறங்கினாங்க.

அடுத்த வெள்ளாமைக்கு, பட்டறைக்கும் முறை வெச்சாங்க. தண்ணி முறை எப்படியோ அப்படியே. இந்த வாரம் இன்னின்ன வீடு, அடுத்த வாரம் இன்னின்ன வீடு. முதல் முறையை எல்லாரும் கேட்டாங்க. கடைசி முறையை ஒருத்தரும் கேக்கலை. கடைசின்னா அழுகல், முளை எல்லாம் பயமுறுத்துமே. "நான் எடுத்துக்கிறேன், சண்டையை நிறுத்துங்க"ன்னு பாவாயி எரிஞ்சு விழுந்தா. அடுத்த வருசம் கடைசியில இருக்கிறவங்க முதலுக்கு வரணும்னு பேச்சு.

அப்புறம் பாரு வேடிக்கையை! மண்டிக்கு அளவாத்தான் வண்டி போகுது. மலையும் இல்ல, காலியும் இல்ல. விலை ஆகாசத்துக்கும் போகலை, பாதாளத்துக்கும் போகலை, கூலி போக கையில நாலு காசு நிக்கிற மாதிரி நடுவுல நின்னுச்சு. ஏலக்கா வாயனுக்கு அது பொறுக்குமா? அவனே ஊருக்குள்ள வந்தான். குஞ்சம்மாகிட்ட போனான், "கூடத் தர்றேன், இன்னைக்கே பிரி"ன்னான். "என் முறை அடுத்த வாரம்"னுட்டா. சடையப்பன்கிட்ட போனான். அவருக்கு நாக்குல எச்சி ஊறுச்சு, ஆனா பாவாயி வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, "முறை வரட்டும்"னுட்டாரு.

மூணாவதா பாவாயிகிட்ட வந்தான். அவளைச் சாய்ச்சுட்டா ஊரே சாய்ஞ்சிரும்னு அவனுக்குத் தெரியாதா? ஏலக்காயைத் துப்பினான். குரலைத் தாழ்த்தினான்.

"தாயி, உன் எருமை இருக்கிற எடம் எனக்குத் தெரியும். ஆத்துக்கு அந்தாண்ட ஒரு வீட்ல கட்டியிருக்காங்க. யாருக்கும் பால் குடுக்க மாட்டேங்குதாம், உதைக்குதாம். இப்படியே போனா கறிக்குத் தள்ளிருவேன்னு அந்த வீட்டம்மா சொல்லிக்கிட்டு இருக்கா. நீ பட்டறையை இன்னைக்குப் பிரி. நாளைக்கே ஓட்டிட்டு வந்து உன் வாசல்ல கட்டுறேன்."

தெருவைப் பாத்தா, ஒவ்வொரு படலுக்குப் பின்னாடியும் ஆளு நிக்குது. ஒவ்வொருத்தர் கையும் அவங்கவங்க பட்டறைக் கீத்து மேல இருக்கு. இவ பிரிச்சா அவங்களும் பிரிச்சிருவாங்க. பாவாயி கையும் கீத்து மேலதான் இருந்துச்சு.  கண்ணுல இருந்து தண்ணி பொலபொலன்னு கொட்டுது. அழுகையா கோவமான்னு கேட்டா ரெண்டும்தான். ஒரு கீத்தை உருவினாப் போதும், அம்மாசி வந்திரும்.

 அப்புறம் கையை எடுத்துட்டா.

"எருமையைப் பாத்தீன்னா, நான் கேட்டேன்னு சொல்லு"ன்னா. கதவைச் சாத்தினா. இந்தத் தடவை படார்னு சத்தம் வரலை, மெதுவாத்தான் சாத்தினா.

அதுக்கப்புறம் அவ முறை வர்ற வரைக்கும் ஒரு வாய் சோறு ஒழுங்கா எறங்கலை. தெனம் காலையில எந்திரிச்சுக் காலித் தொழுவத்தைக் கூட்டுவா. கூட்டிக்கிட்டே அந்த ஏலக்கா வாயனைத் திட்டுவா, ஊரைத் திட்டுவா, ஆத்தாளைத் திட்டுவா, தன்னையும் திட்டிக்குவா. குஞ்சம்மா ரெண்டு தடவை வந்து, "அக்கா, என் முறையை நீ எடுத்துக்க"ன்னா. "போடி, உன் தொழுவமும்தான் காலியாக் கெடக்கு"ன்னு வெரட்டி விட்டுட்டா.

அவ முறையும் வந்துச்சு. பட்டறை ஓரத்துல கொஞ்சம் அழுகல், மத்தது கெட்டி. நல்ல விலைக்குப் போச்சு. காசை முந்தானையில முடிஞ்சா, வண்டியைக்கூட எதிர்பாக்காம ஆத்தைத் தாண்டி நடந்தா, தொம் தொம் தொம். அந்த வீட்டு வாசல்ல நின்னு, தொண்டையைச் செருமிக்கிட்டு, "ஆயி..."ன்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டா. தொழுவத்துக்குள்ள டமார்னு ஒரு பால் செம்பு உருளுற சத்தம். "ங்ங்ஙே...!" அம்மாசி! இருந்துச்சு, தாரணி, இருந்துச்சு! எலும்பும் தோலுமா, ஆனா இருந்துச்சு. கட்டையைப் பிடுங்கிக்கிட்டே ஓடி வந்து அவ கழுத்துல மூஞ்சியைத் தேய்ச்சுச்சு.

பாவாயி முந்தானை முடிச்சை அவுத்தா. அம்மாசியை வித்த விலையை அப்படியே நீட்டினா. அந்த வீட்டம்மா சிரிச்சா.

"அது போன வருச விலை. போன வருசம் உங்க ஊரே கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து ஒரே சந்தையில நின்னுச்சு, எருமை விலை விழுந்துச்சு. இப்ப உங்க ஊரே கையில காசோட கெளம்பி, எருமை எங்க, எருமை எங்கன்னு தேடுது. முந்தாநாள் மீசைக்காரரு ஒருத்தரு வந்தாரு. இப்ப இதுக்கு விலை ரெண்டு பங்கு."

பாவாயிக்கு அந்தம்மா மேல கோவம் வரலை. பட்டறை மொத்தத்துக்கும் வந்த காசை அப்படியே எண்ணாம அவ மடியில கொட்டினா. கயித்தைப் பிடிச்சா.  வழி முழுக்க மூச்சு புஸ் புஸ்ஸுன்னு வருது, எருமைக்கும் அவளுக்கும் சேந்து.

ஊருக்குள்ள நுழைஞ்சா. வீட்டுக்குப் போனாளா? இல்ல. எருமையோட நேராக் கோயில் திடலுக்குப் போனா. மோளத்தை எடுத்தா. டண்டணக்கு டண்டணக்கு டண்டணக்கு! ஊரே பதறி அடிச்சுக்கிட்டு ஓடி வந்துச்சு.

"மாடு வாங்கக் காசு எடுத்து வெச்சிருக்கிற அத்தனை பேரும் இங்க வந்து உக்காருங்க!"ன்னு கத்தினா பாவாயி. "ஒருத்தரும் இந்தச் சந்தைக்குப் போகக் கூடாது! எருமைக்கும் முறை வெச்சுட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்!"

சடையப்பன் கையில இருந்த கயித்தை மெதுவா முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு, முதல் ஆளா வந்து உக்காந்தாரு.

தாரணி? ‘ம்’ காணோமே. நல்லதாப் போச்சு. கதை பட்டறைக்குள்ள அடைஞ்சாச்சு, கண்ணு இமைக்குள்ள அடையட்டும். தூங்குடி தங்கம்.